மூன்றாம் பேஸை யாரும் பார்க்கவில்லை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து சர்ச் வாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "பட்டுச்சு" என்றார். மற்றவர் "படவே இல்ல" என்றார். அவர்கள் சொன்ன பேஸ்பால் ஆட்டம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. இருவரும் அன்று மைதானத்தில் இருந்தவர்கள்தான், ஆனால் அதை இருவருமே பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு இவ்வளவு ஆவேசமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று: "குவாம் தீவின் தெற்குக் கரையில், பொன்னிற மாலை வெயிலில்..." (வேண்டாம். விமானக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: "லூச்சா அத்தை இல்லையென்றால் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு பேஸ்பால் இல்லை." (உண்மைதான். ஆனால் இரங்கல் கூட்டத்துப் பேச்சு போல ஒலிக்கிறது. அத்தை படித்தால் என் காதைத் திருகுவாள்.)

சரி, வேலியிலிருந்து தொடங்குகிறேன். புயல் சாய்த்த மைதான வேலியைத் திரும்ப நட்டது பிள்ளைகளைப் பெற்ற நாங்கள்தான். ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கடைசியில் கதவை மூன்றாம் பேஸுக்கு, அதாவது ஓடுகிறவர்கள் மிதித்து நிற்கும் மூன்றாவது மெத்தைக்கு, ஒட்டினாற்போல வைத்துவிட்டோம், கறி சுடும் அடுப்புக்கு அதுதான் பக்கம் என்று. ஆட்டத்தைவிட அடுப்பைப் பெரிதாக நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சிறுவர் அணியைத் தொடங்கியவள் லூச்சா அத்தை. சீருடைகளை வேறு யாரும் துவைக்க விடமாட்டாள். "நீங்க துவைச்சா வெள்ளை வெள்ளையா இருக்காது" என்பாள். அந்த வருஷம் சிறுநீரக சிகிச்சைக்கு மணிலா போய்விட்டாள். அவளுடைய தம்பி ஜெஸ் துவைத்தார், ஒரு சிவப்புத் துண்டோடு சேர்த்து. அணி முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. எங்கள் ஒரே அம்பயரும் இந்த ஜெஸ்தான். நான் மைக் பிடிப்பவன். அந்த மைக்கின் பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும், விட்டால் சத்தம் வராது.

எங்கள் அணியில் ஆடும் டாசிக்குப் பதினொரு வயது. அத்தை போனில் வந்தபோதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "கோப்பையோட ஏர்போர்ட்டுக்கு வரேன் அத்தை. அதுவரைக்கும் செத்துப்போயிடாதீங்க." எங்கள் அணி அதுவரை கோப்பையைத் தொட்டதே இல்லை.

[நாசியோ, பக்கத்து ஊர் அணி. முதல் வரைவில் அவனைப் பொய்யனாக்கி வைத்திருந்தேன், கதைக்கு வசதியாக இருந்தது. பிறகு அவனைக் கடையில் பார்த்தேன், என் பையைத் தூக்கிக்கொடுத்தான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.]

4

இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால். இன்னும் ஒருத்தர் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. டாசி ஓங்கி அடித்து, ஓடி, மூன்றாம் பேஸில் வந்து நின்றாள். பின்னாலேயே பந்து அந்த பேஸைக் காத்து நின்ற நாசியோவின் கையுறைக்கு வந்தது. பேஸ் மேல் கால் இருக்கிறவரை அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது; காலை எடுத்த நேரத்தில் பந்திருக்கிற கையுறையால் தொட்டால் அவுட். நான் மைக்கில், "டாசி மூன்றாம் பேஸில்! இனி நம்ம பிள்ளைங்க..."

வேலிக் கதவு திறந்தது.

லூச்சா அத்தை. வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். கையில் கட்டு, இடுப்பில் ஒரு டப்பா சிவப்புச் சோறு, ஏதோ அடுப்படிக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி. எங்கள் பிள்ளைகளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"எந்தக் கழுதடா சட்டையெல்லாம் ரோஸாக்கினது?"

மைதானமே சிரித்தது. நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. பெரியவர்களைக் கண்டால் கையைப் பிடித்து மூக்கில் ஒற்றிக்கொள்வது எங்கள் பிள்ளைகளுக்கு மூச்சு விடுவது மாதிரி. டாசி போய் ஒற்றிக்கொண்டாள். நாசியோவும் வந்தான், அவனுக்கும் அவள் அத்தைதான்.

அப்புறம் அம்பயர் ஜெஸ்ஸைப் பார்த்து அவன் குரல்: "மாமா! அவுட்! தொட்டுட்டேன்!"

5

டாசியின் கால் பேஸில் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. பந்திருந்த கையுறை அவள்மேல் பட்டதா? ஒருவரும் பார்க்கவில்லை. அம்பயர் முகமூடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், கும்பிட வந்தியா, அவுட் பண்ண வந்தியா?" என்று யாரோ கத்தினார்கள். 

"ரெண்டுக்கும்தான்!" என்றான் நாசியோ. "முதுகுல தொட்டேன் மாமா, சத்தியமா."

ஜெஸ் திரும்பினார். "டாசி, நீ சொல்லும்மா. பட்டுச்சா?"

அவள் கை இன்னும் அத்தை கையில்தான் இருந்தது. அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் மூஞ்சில என்னடி இருக்கு?" என்றாள் லூச்சா அத்தை, கையை உருவிக்கொண்டு. "நான் இன்னும் மணிலாலதான் இருக்கேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லு."

6

முடிவு அ: "பட்டுச்சு." ஆட்டம் முடிகிறது. தான் வராமலிருந்தால் பிள்ளைகள் ஜெயித்திருக்கும் என்று அத்தை சோறு பரிமாறியபடியே நினைக்கிறாள். டாசிக்கு மட்டும் இரண்டு கரண்டி அதிகம்.

முடிவு ஆ: "படல." ஆட்டம் தொடர்கிறது, ஜெயிக்கிறோம். கோப்பை அத்தை மடியில். படம் எடுக்கும்போது டாசி நாசியோ பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாள்.

முடிவு இ: ஜெஸ், "ஆட்டத்தை நான் நிறுத்தியிருக்கணும், தப்பு என்னோடது" என்று டாசியைத் திரும்ப பேஸுக்கு அனுப்புகிறார். (என் மனைவிக்கு இதுதான் பிடித்தது. அப்படியானால் உண்மையாகவே தொட்ட பையனுக்கு என்ன நியாயம்?)

டாசி ஒரு பதில் சொன்னாள். எது என்று ஊருக்கே தெரியும். அது உண்மையா என்றுதான் சர்ச் வாசலில் சண்டை. பதிலை நான் எழுதினால் நீங்களும் அந்தச் சண்டையில் சேர்ந்துகொள்வீர்கள். அவளோ அடுத்த வாரமும் அதே பேஸில் வந்து நிற்க வேண்டிய பிள்ளை.

எழுதுகிறவனுக்குமா தெரியாது என்பீர்கள். நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய்த் தேடினேன். அங்கேயும் நான் சோற்று டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாசியோவின் கையுறை எங்கே போனது? நீங்களும் அங்கே இருந்தீர்களே, பார்த்தீர்களா?

இந்தாருங்கள் மைக். பித்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். டாசி வாயைத் திறந்துவிட்டாள், எதிரே லூச்சா அத்தை நிற்கிறாள்.