உள்ளே எதுவும் செய்யாத ஆபரேஷன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்கு எதிரே இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்து, எலும்பு மருத்துவர் ஜெகதீசன் என்னிடம் கேட்டார்: "உண்மையைச் சொன்ன உடனே வலி திரும்பி வந்துட்டா என்ன சார் பண்றது?"

அவர் ஆபரேஷன் செய்கிறவர். நான் அங்கே நடக்கும் ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுகிறவன். கத்தியைத் தொட்டதில்லை, கதையையும் இதற்கு முன் தொட்டதில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: சுசீலாவின் வலது முழங்காலில் இரண்டு சின்னத் தழும்புகள் இருந்தன. அவை மௌனமாக

[நிறுத்திவிட்டேன். தழும்பு பேசாது என்பது எல்லாருக்கும் தெரியும்.]

இரண்டாம் தொடக்கம்: பட்டாபிராம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் வலியால் துடித்தபடி ஒரு பெண்

[இதுவும் சரிவராது. துடிக்கிற ஆள் இல்லை அவர். வலித்தால் ரயில்வேயைத் திட்டுவார்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். சுசீலா பட்டாபிராம்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடி. ஐம்பதைத் தாண்டியதும் வலது முழங்கால் மக்கர் செய்தது. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் ஜவ்வு கொஞ்சம் கிழிந்துதான் இருக்கும். ஆனாலும் வலி என்று வந்தால், சின்னத் துளை போட்டு, கிழிந்ததை வெட்டிக் கழுவி விடுவது ஜெகதீசனின் வழக்கம். செய்துகொண்டவர்கள் நன்றாக நடந்தார்கள். ஆபரேஷனால்தான் நடந்தார்களா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கச் சம்மதித்தவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு நிஜ ஆபரேஷன். மறு பாதிக்கு மயக்கம் கொடுத்து, தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினோம்.* சபீனா என்கிற பிசியோதெரபிஸ்ட் எல்லாருக்கும் ஒரே பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் காலைச் சோதித்தவர்களுக்கும் தெரியாது.

* மோசடி இல்லை. இப்படி நடக்கலாம் என்று விளக்கித்தான் கையெழுத்து வாங்கினோம். ஆய்வு முடிந்ததும் உண்மையைச் சொல்வோம் என்று வாக்கும் கொடுத்தோம். அந்த வாக்குதான் பிறகு எங்களைப் படுத்தியது.

3

கணக்கு முடிந்தபோது இரண்டு பாதியும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. துள்ளிக் குதித்தேன் என்றால் மிகை. நாற்காலியைவிட்டு எழுந்தேன், திரும்ப உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். இனி எத்தனை முழங்கால்கள் தேவையில்லாத கத்தியிலிருந்து தப்பும்! ஜெகதீசன் பல வருடங்களாகச் செய்துவந்த ஆபரேஷன் அது. கணக்குத் தாளை முதலிலிருந்து மறுபடி படித்துவிட்டு, "சரி, இந்த மாதிரி முழங்காலுக்கு இனிமே நிறுத்திடலாம்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை இந்தக் கதையில் நல்லவராக வைத்திருக்கிறேன்.

சிக்கல் சுசீலாதான். தோலை மட்டும் கீறிய பாதியில் இருந்தவர். ஆனால் ஜெகதீசனுக்குக் கைராசி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு, நடைமேம்பாலத்தில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஏறினார். பக்கத்து வீட்டு ராஜம்மா அவர் பேச்சை நம்பி அதே ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். கொடுத்த வாக்கும் இருந்தது, சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னாலோ, அந்தக் கால் வெறும் நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தால் நின்றுபோகலாம். ஜெகதீசனின் பயம் இதுதான். எனக்கும் பயம்தான்.

4

அ) கேட்டதும் சுசீலா அழுதார்.

[மூன்று வரி அழவைத்துப் பார்த்தேன். அதற்குமேல் அழ மறுத்துவிட்டார்.]

ஆ) கேட்டதும் அவருடைய வலது கால் நொண்டத் தொடங்கியது.

[பத்திரிகைகள் விரும்பும் திருப்பம். என் பயத்துக்காக அவர் ஏன் நொண்ட வேண்டும் என்று கோடு போட்டு அடித்துவிட்டேன்.]

இ) நடந்தது இதுதான்: சுசீலா ராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெகதீசன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"மெய்யாலுமா சார்? உள்ள ஒண்ணியும் பண்லியா?" என்றார் சுசீலா.

"இல்லம்மா. தோலை மட்டும்தான் கீறித் தச்சேன்."

"அய்யய்யோ, ஏமாத்திட்டாங்களேடி!" என்றார் ராஜம்மா.

"கம்னு இரு. கையெய்த்து போட்டது நானு." சுசீலா டாக்டர் பக்கம் திரும்பினார். "அப்ப என் காலு எப்டி சார் சரியாச்சு?"

"உறுதியா சொல்லத் தெரியலம்மா. பயிற்சியா இருக்கலாம். நாளாக நாளாகத் தானே குறைஞ்சிருக்கலாம். சரியாயிடும்னு நம்பினதா இருக்கலாம். என் கத்தி இல்ல, அது மட்டும் தெரியும்."

"ஒங்களுக்குத் தெர்ல, செரி. நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும்ல? டெய்லி பிளாட்பாரம் பெஞ்சில குந்திகினு, சாப்பாட்டுப் பையக் கால்ல மாட்டிகினு, தூக்கித் தூக்கி எறக்குனேன். பாக்கறவன்லாம் சிரிச்சான். சாம்பாரு கூட கொட்டிச்சி." குரல் ஏறிக்கொண்டே போனது. "ஒங்களுக்குக் கைராசின்னு ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சனே சார்! அந்த ராசி யாருது அப்ப?"

"என்னுது இல்லைன்னு எழுதியே தரேம்மா" என்றார் ஜெகதீசன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுசீலா எழுந்தார். நான் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். லிஃப்ட் திறந்திருந்தும் அவர் படிக்கட்டுப் பக்கம் போனார். விடுவிடுவென்று இறங்கினார். பின்னால் ஓடி, "வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"வலிச்சா ஒங்களாண்ட சொல்ல மாட்டனா? ஏ ராஜம்மா! ஒன் ஆபரேசன் கேன்சலு. நாளிக்கு என்கூட ஸ்டேஷனுக்கு வா!"

படிக்கட்டில் நின்று கைதட்டினேன். கணக்குப் போடுகிறவன் தட்டக்கூடாது. கதை எழுதுகிறவன் தட்டலாம் என்று நினைக்கிறேன்.

5

இதுவரை எழுதியதை ஜெகதீசனிடம் காட்டினேன். "ஒரு ஆளை வச்சு எதையும் நிரூபிக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?" என்றார்.

வசமாக மாட்டிக்கொண்டேன். சுசீலாவை நான் குலுக்கி எடுக்கவில்லை. ஜெயித்தவர் என்பதால் பொறுக்கி எடுத்தேன். அதே பாதியில் ஆவடி சுப்பராயனும் இருக்கிறார். ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்தார். இன்றைக்கும் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில்தான் இறங்குகிறார். கதைக்கான ஆளையும் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவர் பெயர் வந்திருந்தால் நீங்கள் வேறொரு கதையைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். எனவே முழங்கால் வலிக்கிற யாரிடமும் சுசீலாவை ஆதாரமாகக் காட்டாதீர்கள். [பயிற்சியால்தான் குணம் என்றும் என் கணக்கு சொல்லவில்லை. அதை இரண்டு பாதியும் செய்தன. கத்தி வைத்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.]

ஆனாலும் அந்தப் படிக்கட்டுக் காட்சியை நான் அடிக்க மாட்டேன்.

6

சில வாரம் கழித்து பட்டாபிராமுக்குப் போனேன். பிளாட்பாரம் பெஞ்சில் ராஜம்மா காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். சுசீலா பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப எப்படி இருக்கும்மா கால்?" என்றேன்.

ராஜம்மா சுசீலாவின் முகத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சில இன்னா எய்தியா கீது? சார் ஒன் காலத்தான் கேக்கறாரு. வலிச்சா வலிக்கிதுன்னு சொல்லு. எனக்கோசரம் நல்லா கீதுன்னு சொல்லாத."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ராஜம்மா காலைக் கீழே வைத்தார். எழுந்து நாலு எட்டு நடந்துவிட்டு வந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் பதில் சொன்னார்.

அந்தப் பதிலை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். எந்தப் பதில் வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது உங்கள் ஆசை என்பது நினைவிருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அதைக் கேட்டதும் சுசீலா, "ஆங், அப்டி சொல்லு!" என்று ராஜம்மாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.