ஹம்சவேணி வீட்டுச் சுவர் சொன்னது

கீழக்குயில்குடி சாலையில் இருக்கும் ஹம்சவேணியின் வீட்டில் குழாயைத் திறந்தால் சமையலறைச் சுவர் பேசும், மூடினால் நிறுத்திக்கொள்ளும். குரல் ஹம்சவேணியுடையது. அவள் சொன்னது சௌராஷ்டிர பாஷையில், சுவர் சொல்வது மட்டும் நல்ல மதுரைத் தமிழில்: "அந்த ஆளுக்கு நம்ம டம்ளர் வேணாம். பேப்பர் கப்புல ஊத்திக் குடு."

புதுக் குழாய் போட்டபோது வந்த வினை இது. ஹாலோ பிளாக் சுவரில் காடி வெட்டிப் பைப்பைப் பதித்தாகிவிட்டது. உடைந்த கற்களை அடைத்துப் பூசக் கொத்தனார் காசிமாயன் வந்தார். கற்களின் பொந்துகளில் சல்லியும் கலவையும் திணித்துக்கொண்டிருந்தவருக்கு டீ எடுத்துப்போன மகள் ரம்யாஸ்ரீயிடம், அவர் காதுபடவே ஹம்சவேணி அதைச் சொன்னாள். வீட்டுப் பாஷைதானே, யாருக்குப் புரியப்போகிறது என்கிற தைரியம். சொன்ன சொல் இன்னும் அடைக்காமல் கிடந்த ஒரு பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் கோழிவலை அடித்துப் பூச்சும் பூசியாயிற்று. பூச்சு காய்ந்து தண்ணீர் திறந்துவிட்ட அன்றே சுவர் ஆரம்பித்துவிட்டது.

பைப்பில் காற்று என்றார் கணவர் ஹரிராம். பிறகு அவரும் அதைச் சொல்வதை விட்டுவிட்டார். விருந்தாளி வந்தால் ஹம்சவேணி மிக்ஸியை ஓடவிட்டுத்தான் குழாயைத் திறப்பாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. சுவரை உடைக்கலாம்தான், யாரைக் கூப்பிட்டு உடைப்பது? எந்தக் கொத்தனார் வந்தாலும் குழாயைத் திறந்து பார்ப்பார், அவர் காதில் விழுமே. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் பைப் கசிந்து சுவர் ஊறத் தொடங்கவே, ஹரிராம் அவளிடம் சொல்லாமல் காசிமாயனுக்கே போன் போட்டுவிட்டார்.

அவர் வந்து குழாயைத் திறந்தார். சுவர் ஒரு சொல் விடாமல் சொன்னது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று நின்றாள் ஹம்சவேணி.

காசிமாயன் குழாயை மூடினார். "அன்னைக்கே வெளங்கிருச்சும்மா. பாஷை தெரியாட்டியும் மூஞ்சி தெரியும்ல. நான் பூசுன வீட்டுல இன்னும் செலது இப்படித்தான் பேசுது. கலவை வச்சு அடச்சுட்டா சத்தம் வராது. அடச்சுரவா?"

ஹம்சவேணி ஊறிய சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"வேணாம்ணே. கசிவ மட்டும் பாருங்க. அது கெடக்கட்டும்."

சொல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு கல்லைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்துவிட்டு அவர் போனார். சுவர் இன்றும் பேசுகிறது. போன மாதம் ஏசி மாட்ட வந்தவன் கை கழுவக் குழாயைத் திறந்தான். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"என் கொரலுதான் தம்பி" என்று சொல்லிவிட்டு ஹம்சவேணி டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.