கடைசி அத்தியாயத்தில் ஓர் அணைப்பு

அவளுக்குப் பதிப்பகம் ஒன்றில் ப்ரூஃப் பார்க்கும் வேலை. பத்து வருடமாக ஊரார் விட்ட ஒற்றுகளைப் போட்டுப் போட்டு, பல பேருக்கு மொழி மேதை என்று பெயர் வாங்கிக் கொடுத்தவள். மின்விசிறி கிறீச்சிட்டால் அவளுக்கு வேலை ஓடாது, ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டாள். ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது வயது முப்பத்திரண்டு. காரணம் தெரிந்ததில் அவளுக்கு நிம்மதி. பதிப்பாளர்தான், "எல்லாரோடயும் கலகலன்னு பழகும்மா, சரியாயிடும்" என்று மருந்து சொன்னார்.

நான்கு வருடம் கழித்து அவளுடைய அக்கா ஒரு நாவல் எழுதினாள். ப்ரூஃப் தங்கையின் மேசைக்கே வந்தது. கதாநாயகி, தியாகமே உருவான ஓர் அக்கா. அவளுக்கு ஒரு தங்கை: மழைத்துளியை எண்ணுவாள், எந்தத் தேதிக்கும் கிழமை சொல்வாள், மிச்ச நேரம் மூலையில் ஆடிக்கொண்டிருப்பாள். முந்நூறு பக்கம் அக்கா அழுது தீர்த்ததும் அந்தப் பெண் கண்ணோடு கண் பார்த்து, கட்டிப்பிடித்து, "நானும் உங்கள மாதிரி ஆயிட்டேன்க்கா" என்கிறாள். சாதாரணக் காய்ச்சல்கூட இவ்வளவு சொல்பேச்சு கேட்டு இறங்காது.

தங்கை நேரே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"எனக்குக் கிழமையெல்லாம் சொல்லத் தெரியாதே."

"அது கற்பனைடி. பேசாம உக்காந்து வேலை பாக்குறவள யாரு காசு குடுத்துப் படிப்பா?"

"என் தழும்பு, என் கண்ணாடி, ஸ்கூல்ல என்னைய ரூம்ல வச்சுப் பூட்டினது எல்லாம் இருக்கே?"

"அது உண்மை மாதிரி இருக்கணும்ல!"

பிறகு அக்கா குரலைக் குழைத்தாள். "வெளியீட்டு விழால மேடைக்கு வந்து என்னக் கட்டிப்பிடி. ரெண்டே நிமிஷம். அந்த ஹெட்போன மட்டும் வீட்ல வச்சுட்டு வா."

அவள் போனாள், ஹெட்போனோடு. அக்கா இரு கைகளையும் விரித்து நின்றாள். போட்டோக்காரர் மண்டியிட்டுத் தயாரானார். தங்கை நாலடி தள்ளி நின்று மைக்கை வாங்கினாள். தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"இதுல நூத்திப் பதினாலு பிழை திருத்தினேன். கடைசி அத்தியாயத்தத் திருத்த விடல. யாராவது கட்டிப்பிடிச்சா எனக்கு உடம்பெல்லாம் எரியும். சின்ன வயசுலேருந்தே அது அக்காவுக்குத் தெரியும். நான் யார மாதிரியும் ஆகல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்வரிசையில் மூக்குகள் உறிஞ்சப்பட்டன. தலைமை தாங்கியவர் தழுதழுத்தார்: "வாய் திறக்காத குழந்தையையும் இந்த நாவல் பேச வைத்துவிட்டது!"

குழந்தைக்கு முப்பத்தாறு வயது.

"என் மானத்த வாங்கிட்டியேடி" என்று மேடைக்குப் பின்னால் அக்கா பல்லைக் கடித்தாள்.

"கை தட்டினாங்களே" என்றாள் தங்கை.

மறுநாள் பதிப்பாளர் குழைந்தார். "அந்தப் பேச்சப் பின்னட்டைல போடலாம்மா. கடைசி வரி மட்டும் வேணாம்."

"முழுசாப் போடுங்க. இல்லன்னா போடாதீங்க."

போடவில்லை. அக்கா இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறாள். நன்றிகெட்ட தங்கை ஒருத்தி வருகிறாளாம். ப்ரூஃப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.