பதினேழாம் நம்பர் மூஞ்சூறு

தாணுமாலையன் சார் எதையும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. லேபுக்குப் பிடித்துவந்த பிராணிகளின் பதிவேட்டை நீட்டினால், போனில் பேசிக்கொண்டே போட்டுத் தள்ளுவார். நாலு வருஷமாக அதை நீட்டியவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி திவ்யலட்சுமி.

பொன்முடி மலையில் அட்டைக்கடி பட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு புது மூஞ்சூறைப் பிடித்தவளும் அவள்தான். பல்லை எண்ணி, மண்டையோட்டை அளந்து, இதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பெயர் வைக்கிறவரின் பெயர், வைத்த பெயருக்குப் பின்னால் காலத்துக்கும் நிற்கும். அந்த ஓர் இடத்துக்காகக் கரமனை வீட்டுக்கு வந்த மூன்று வரன்களை விரட்டியிருந்தாள்.

கட்டுரை அச்சில் வந்தது. அந்த இடத்தில் தாணுமாலையன் நின்றார். பக்கத்தில் அவருடைய அக்காள் மகன் கௌசிக். ஒரே ஒரு நாள் மலைக்கு வந்து ஜலதோஷம் பிடித்துத் திரும்பிய மகானுபாவன். திவ்யலட்சுமிக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி.

"என் பேரு எங்க சார்?"

"நீ ஸ்டூடண்டாக்கும். புராஜெக்ட் என்னோடது. பிஎச்டி வேணும்னா மிண்டாம வாய மூடிட்டு இரி, கேட்டியா?"

படுபாவி! கட்டுரையை வெறுப்போடு புரட்டினாள். புது இனத்துக்கு ஓர் உடலைச் சாட்சியாகக் காட்ட வேண்டும். பெயர் அந்த உடலோடுதான் ஒட்டும். சாட்சி உடல், எண் பதினேழு என்று போட்டிருந்தது.

ஆனால் அவள் பிடித்த புது மூஞ்சூறின் எண் இருபத்திமூன்று. அதன் மண்டையோடு பொறியில் நசுங்கி விரிசல் விட்டிருந்தது. போட்டோவுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று மனுஷர் பதினேழை எடுத்திருந்தார். எடுத்த அன்றே அவள் சொல்ல வாயைத் திறந்தாள். "உன்கிட்ட கேட்டனா?" என்று அடைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டை அவர் மேஜையில் விரித்துவைத்தாள். முதல் தடவையாக வாசித்தார். 'பதினேழு: டீ ஃபேக்டரி ஓடையில் பிடித்தது. சாதாரண வீட்டு மூஞ்சூறு. குட்டி. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுகூடவில்லை.' கீழே அவர் கையெழுத்து.

"இது நீ இப்பம் எழுதிச் சேத்ததாக்கும்!"

"போன வருஷத் தேதி மேலேயே உங்க கையெழுத்து ஓடறது சார்."

அவர் முகம் வெளுத்தது. குரல் இறங்கியது. "மோளே, ஒரு திருத்தம் போடுவோம். உன் பேரை முதல்ல சேக்கேன்."

"அச்சுல வந்தப்புறம் சாட்சியை மாத்த முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

"உன் பிஎச்டியை ஒண்ணுமில்லாம ஆக்கிருவேன், பாத்துக்கோ!"

"அதை நீங்களே வச்சுக்கோங்கோ. வீட்டு மூஞ்சூறையும் வச்சுக்கோங்கோ." அவள் பதிவேட்டை மூடினாள். "இருபத்திமூணுக்கு நேத்தே பேரு வச்சு ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பிட்டேன். பின்னாடி நிக்கறது என் பேரு மட்டும்தான்."