முள்ளுக்குலையின் இரண்டாவது ஆல்பம்

1

இந்தக் கதை என்னுடைய யோசனை அல்ல. இதன் கதாநாயகி யோகேஸ்வரிதான் எழுதச் சொன்னார். மலேசியாவில், குளுவாங் ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள உணவுக்கடையில் உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“அன்னிக்கு எழுதுனீங்கல்ல சார். இன்னிக்கும் நீங்களே எழுதுங்க.”

மன்னித்துவிட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: “காஹாங் செம்பனைத் தோட்டத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தகரக் கூரையின் தாளத்துக்கு…”

அதை யோகேஸ்வரிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “நான் பொறந்தது காஹாங் டவுன்ல, கடைவீட்டு மாடியில. மழையெல்லாம் எதுக்கு சார்?”

இரண்டாவது தொடக்கம்: “மலேசியத் தமிழ் ராக் இசையைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியது…” இதை நானே அடித்துவிட்டேன். அது கட்டுரை. ஒளிந்துகொள்ள எனக்குக் கட்டுரைதான் வசதி.

மூன்றாவது: பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வரி எழுதினேன்.

இது இருக்கட்டும்.

3

என் பெயர் குகநாதன். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே குமாஸ்தா. வீட்டில் தம்புரா இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வருடம் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தகுதியில் ஒரு வார இதழில் இசை விமர்சனம் எழுதிவந்தேன். (இதழ் இப்போது இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.)

2005-இல் ‘முள்ளுக்குலை’ என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. மூன்று பேர். யோகேஸ்வரி பாடினார். அர்ச்சுனன் கிட்டார். ஹேமநாதன் டிரம்ஸ். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழக்குலையைச் சுற்றி முள் இருக்கும், வெறும் கையில் தூக்கினால் குத்தும். அதனால் அந்தப் பெயர். நான் அந்த ஆல்பத்தை ஒருமுறைதான் கேட்டேன். கேட்டுவிட்டு எழுதினேன்:

“இந்தப் பெண்ணிடம் கோபம் இருக்கிறது, குரல் இல்லை.”

அழகான வரி. அதுதான் அதில் இருந்த கேடு. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒப்புக்கொண்ட மூன்று நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போயின. யோகேஸ்வரி பாடுவது பிடிக்காத அவர் அண்ணன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். “தினமும் சாப்புடும்போது படிச்சேன் சார்,” என்றார் யோகேஸ்வரி. எட்டு மாதம் படித்தாராம். பிறகு சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டார். குழு கலைந்தது.

[இந்த இடத்தில் “என் வரியால் மட்டும் கலையவில்லை, அவர்களுக்குள்ளும் சண்டை இருந்தது” என்று ஒரு வாக்கியம் இருந்தது. உண்மைதான். ஆனால் அதை எழுதும்போது என் கை கொஞ்சம் வேகமாக ஓடியது. எடுத்துவிட்டேன்.]

4

மூன்று வருடங்களுக்கு முன் யோகேஸ்வரியின் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பாதிக்கப்பட்டது. ஒரு மாதம் பேச்சே வரவில்லை. பிறகு வந்த குரல் கனமாக, கீழே இறங்கி இருந்தது. உச்சத்தைத் தொடப் போனால் இரண்டாகப் பிளந்தது.

யாராக இருந்தாலும் அதோடு பாட்டை மறந்திருப்பார்கள். இவர் பேச்சு வந்த வாரமே ஹேமநாதனைப் போனில் கூப்பிட்டார்.

ஹேமநாதன் இப்போது குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். என்னிடம் சொன்னார்: “போன்ல யாரோ ஆம்பள பேசுறாருனு நெனச்சேன் சார். ‘நான்தான்டா, ஆல்பம் பண்ணலாம்’னு சொல்லுது. ஐயோ அலமாக், லாரிய ஓரமா நிப்பாட்டிட்டேன்.”

ஏன் இப்போது என்று நானும் யோகேஸ்வரியிடம் கேட்டேன்.

“நல்ல குரல் இருந்தப்ப இல்லனு சொன்னாங்க. இப்ப நெஜமாவே இல்ல. இனிமே யாரு என்ன சொல்லிற முடியும்?”

5

ஒலிப்பதிவு குளுவாங்கில், ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் சக்கரம் கழற்றும் சத்தம் மைக்கில் விழும். யோகேஸ்வரி சிங்கப்பூர் எல்லையில் உள்ள ஜொகூர் பாருவிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒலிப்பதிவாளர் பிரேமலா, முப்பது வயது இருக்கும்.

இதை எழுதுவதற்காக நான் முதலில் அங்கே போன ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பல்லவி:

முள்ளு குத்துனா கைய எடுக்காத
குலைய எடு.

‘குலைய’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. ஒவ்வொரு தடவையும் உடைந்தது. நான்காவது தடவைக்குப் பிறகு அர்ச்சுனன் கிட்டாரைக் கீழே வைத்தார். இவர் குளுவாங்கில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்.

“யோகேஸ், ஒன்னு போட்டுக் காட்டவா? கோவப்படாத.”

அவரும் பிரேமலாவும் அந்தக் குரலைக் கணினியில் திருத்தி வைத்திருந்தார்கள். பிரேமலா அதை ஓடவிட்டார். உடைந்த இடம் ஒட்டியிருந்தது. குரல் மேலே போய், அங்கேயே நின்றது.

யோகேஸ்வரி கடைசிவரை கேட்டார்.

“நல்லாருக்கு. யாரு பாடுனது?”

“வெளையாடாத லா. எனக்கும் இதுதான் கடைசி ஆல்பம். என்கிட்ட படிக்கிற பசங்க கேப்பாங்க, அவங்க அப்பா அம்மா கேப்பாங்க. சிரிப்பாங்க. மறுபடியும் அத என்னால தாங்க முடியாது.”

“எனக்குப் பழக்கம்தான்.”

“உனக்கு மட்டும்தான் நடந்துச்சுனு நெனைக்கிறியா?”

யோகேஸ்வரி என் பக்கம் திரும்பினார்.

“சார் சொல்லட்டும். எது நல்லாருக்கு?”

6

இந்தக் காட்சியை முதலில் இப்படி எழுதினேன்:

“உடைந்ததுதான் உண்மை, அதைத் தொடாதீர்கள் என்றேன். அவர் கண்கள் கலங்கின. பத்தொன்பது ஆண்டுகளின் பாரம் என்னிடமிருந்து…”

பொய். நீங்கள் அதை நம்பியிருப்பீர்கள் என்பதால் இங்கே விட்டுவைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட கதையில் விமர்சகன் திருந்த வேண்டும் அல்லவா.

நடந்தது இது. என் காது பன்னிரண்டு வருடம் பழக்கப்பட்ட காது. அதற்குத் திருத்தியதுதான் பிடித்தது. அதையே சொன்னேன்: “திருத்தினதுதான் அழகாயிருக்கு.”

அர்ச்சுனன் தலை குனிந்துகொண்டார். யோகேஸ்வரி சிரித்தார். கசப்பான சிரிப்பில்லை, நிஜமான சிரிப்பு.

“பயந்துட்டேன் சார், எங்க எனக்காகப் பொய் சொல்லிருவீங்களோனு. அழகாத்தான் இருக்கு. நான் பாடுனதத்தான் போடப் போறோம்.”

என்னிடம் அவர் தீர்ப்புக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கருத்து எதிர்த் திசையில் இருந்தாலும் தன்னால் நடக்க முடிகிறதா என்று பார்த்திருக்கிறார். முடிந்தது. அந்த வரியை அவர் மன்னிக்கவில்லை. அந்த வரியே அவருக்குப் பொருட்டில்லாமல் போய்விட்டது. இரண்டும் ஒன்றில்லை. எழுதுகிறவனுக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்.

7

அர்ச்சுனன் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. கிட்டார் இல்லாமல், ஹேமநாதனின் டிரம்ஸை மட்டும் வைத்துக்கொண்டு யோகேஸ்வரி பாடினார். உடைந்தது. மறுபடி பாடினார்.

(அர்ச்சுனனைக் கோழையாக எழுதலாமா என்று யோசித்தேன். கதைக்கு ஒரு கோழை வசதி. ஆனால் இந்தக் கதையில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.)

மூன்றாவது ஞாயிறு பதினோரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அர்ச்சுனன் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கிட்டாரை எடுத்து இணைத்தார். ஒருமுறை மீட்டினார். ஒலி முன்பு போல இல்லை. தடித்து, அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல இருந்தது.

“என்ன பண்ணுன?” என்றார் யோகேஸ்வரி.

“சுருதிய ரெண்டு கட்டை எறக்கிட்டேன். எட்டுப் பாட்டும் இதுல வாசிச்சுப் பாத்தேன். தளந்த கம்பியில கை பழக ரெண்டு வாரம் ஆச்சு.” பிறகு, அவரைப் பார்க்காமலே சொன்னார்: “பழைய சுருதியிலயே உன்னப் பாட வச்சது என் தப்பு. பாடு.”

பாடினார். ‘குலைய’ என்ற இடத்தில் அப்போதும் உடைந்தது. ஆனால் இந்தத் தடவை கிட்டார் அதன் கீழேயே இருந்தது. அர்ச்சுனன் நிறுத்தவில்லை. ஹேமநாதன் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் பிரேமலா கேட்டார், “இன்னொன்னு எடுக்கலாமா அக்கா?”

“வேணாம்மா,” என்றார் அர்ச்சுனன்.

8

வெளியீடு குளுவாங்கில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. மேடையேறும் முன் யோகேஸ்வரி என்னிடம் வந்தார்.

“சார், எத்தன பேரு வந்தாங்க, கை தட்டுனாங்களா, அதெல்லாம் எழுதிராதீங்க.”

“அதத்தானே வாசகர்கள் கேப்பாங்க?”

“கேக்கட்டும். அத எழுதுனா, அதுக்காகத்தான் பாடுனோம்னு ஆயிரும்.”

ஆகவே மூன்று முடிவுகளை எழுதி மூன்றையும் அழித்துவிட்டேன். ஒன்றில் மண்டபம் நிறைந்திருந்தது. ஒன்றில் பதினான்கு பேர். இன்னொன்றில், கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து… இல்லை, அதைச் சொல்ல மாட்டேன். இவற்றில் ஒன்று நடந்தது. எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். கைதட்டல் வேண்டுமா, வையுங்கள். காலி நாற்காலி வேண்டுமா, அதையும் வையுங்கள். என்னைப்போல ஒருவனை உட்காரவைத்து ஒரு அழகான வரி எழுதச் சொன்னாலும் சரி. ஆல்பம் வெளிவந்துவிட்டது. எட்டாவது பாட்டில், பல்லவியில், அந்தக் குரல் உடையும். அதன்மேல் நீங்கள் என்ன எழுதினாலும் அது பாடிக்கொண்டுதான் இருக்கும்.