இடுகாட்டுத் திருப்பம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு வரலாறு வேண்டும் என்று கோயில் கமிட்டிக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. தலைவர் ஜெயகாந்தன் அண்ணன் ராகலையிலிருந்து கருங்கல் கொண்டுவந்தார். தொழிலாளர் குடியிருக்க முதல் லயம் கட்டியது, கோயில் எழும்பியது, பெரிய ஸ்ட்ரைக், பாதிச் சனம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது என்று ஒவ்வொன்றாகக் கொத்தினார்கள். கடைசியில் போன வருட மண்சரிவு. 'தப்படித்து மக்களைக் காத்தவர் ஆண்டியப்பன்' என்று போடுவதாக ஏற்பாடு.

ஆண்டியப்பன் என் அப்பா. அந்த மண்சரிவில் என் அம்மா பூரணியோடு சேர்த்து ஒன்பது பெண்கள் செத்துப்போனார்கள். ஆண்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. அது ஏன் என்று கல்லில் ஒரு சொல் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலை நான் நுவரெலியாக் கடையில் வேலையில் இருந்தேன். இங்கே விடாத மழை. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருப்பதை அப்பா பார்த்தார். மண்சரிவு என்று சொன்னால் எங்கள் சனம் அசையாது, எத்தனை மழையைப் பார்த்தாயிற்று என்பார்கள். சாவு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்கள். அதனால் அப்பா சாவுக்கு அடிப்பதுபோல் தன் தப்புப் பறையை அடித்தார். லயமே அவர் பின்னால் வந்தது.

கெட்டியான இடம் இடுகாட்டு மேடு ஒன்றுதான். அங்கே கூட்டிப் போனார். மலை வெடித்ததைக் கத்திச் சொல்லிக்கொண்டே போனார். காதில் விழுந்தவர்கள், ஆணும் பெண்ணுமாக, மேலே ஓடினார்கள். மழைச் சத்தத்தில் கேட்காதவர்கள் முன்னால் பாடை போகிறது என்று நினைத்தார்கள். அவர்களில் ஆண்கள் தப்பின் பின்னாலேயே போனார்கள். பெண்கள் இடுகாட்டுத் திருப்பத்தில் நின்றார்கள். அதைத் தாண்டிப் பெண்கள் போவது எங்களில் வழக்கமில்லை. திரும்பி லயத்துக்குப் போனார்கள். மலை இறங்கியது.

"பொம்பளைங்க ஏன் திரும்புனாங்கன்னும் போடுங்கண்ணே," என்றேன் ஜெயகாந்தன் அண்ணனிடம்.

"வழக்கத்தக் குத்தம் சொல்ற மாதிரி கல்லுல வெட்ட முடியுமா, சுதர்ஷினி? பெருமையா நாலு வரி இருக்கட்டும்மா."

"எங்கம்மா செத்தது பெருமையா?"

என் கூட வந்திருந்த அப்பா அப்போதுதான் பேசினார்.

"என் பேர எடுத்துருங்க தம்பி."

"நீங்க இல்லாட்டி நாங்க ஏதுங்க?" என்றார் அண்ணன். அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. பெயரை எதற்கு எடுக்கச் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன். அப்பா தரையில் உட்கார்ந்தார்.

"திருப்பத்துல உங்கம்மா எங்கிட்ட வந்தா. 'வெந்நி வச்சு வைக்கிறேன், வந்து குளிங்க'ன்னா. போகாத, வாடின்னு கத்துனேன். தப்புச் சத்தத்துல அவளுக்குக் கேக்கல. தலையாட்டிட்டுத் திரும்பிட்டா."

"கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்ல?"

"புடிச்சா தப்பு நின்னுரும்மா. தப்பு நின்னா அத்தன பேரும் நின்னுருவாங்க, வெடிப்புக்கு நேர் கீழ." தரையைப் பார்த்துச் சொன்னார்: "அடிச்சுக்கிட்டே அவ போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் நானே போய் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு அந்த ஒன்பது பெண்களின் பெயரைப் போடச் சொன்னேன். ஜெயகாந்தன் அண்ணன் காரணம் கேட்டார். அழுகைதான் வந்தது. யாருமே சாகாத ஒரு சாவுக்கு அம்மா வெந்நீர் வைக்கப் போயிருக்கிறாள்.