மருந்து போடாத கோழி

கனடாவின் பிறம்ரன் நகரத் தீவன ஆலையில் டெஸ்மண்டுக்கு எட்டு வருட வேலை. இறைச்சிக்கோழிகள் அன்ரிபயோட்டிக் இல்லாமலே நோயின்றி வளரத் தீவனத்தில் ஒரிகானோ எண்ணெயும் நல்ல பக்டீரியாத் தூளும் கலப்பான். அந்த நாற்றம் குளித்தாலும் போகாது.

மில்லிக்கனில் தன் வீட்டுக்கு வந்த அவனுக்கு எமில்டா அன்ரி கோழிக்கறி பரிமாறினார். "மருந்து போடாத கோழி, தம்பி. விலையெண்டாலும் உதைத்தான் வாங்குவன்."

சொல்லிக்கொண்டே தும்மினார். கைப்பையைத் திறந்து, போன வருடம் யாரோ குடித்து மிச்சம் விட்ட அன்ரிபயோட்டிக் குளிசையை விழுங்கினார். தடிமன் பிடித்து மூக்கொழுகிய பேத்திக்கும் பாதி உடைத்துக் கொடுத்தார்.

இதற்காகவா எட்டு வருடம் நாறினேன் என்று நினைத்த டெஸ்மண்ட் சொன்னான்: "தடிமனுக்கு உது கேக்காது, அன்ரி. கோழிக்கே நிப்பாட்டிப்போட்டம்."

"அதுதானே நல்ல கோழி," என்று அன்ரி இன்னொரு துண்டை அவன் பிளேற்றில் வைத்தார்.